வெள்ளை உடுத்த வியாழக்கிழமை

“…அப்ப எனக்கு முதல் உங்களுக்கு ஆர் சொன்னது? வாயைத் திறவுங்கோவன், ஆர் சொன்னது?”

பரமேஸக்கா தன்ரை வீட்டு வாசலிலேயே நின்று கேட்கிறா. உள்ளே வரவில்லை. ஒரு கையில் வேலைக்குக் கொண்டுபோகும் துணிப்பை. மற்றக் கையில் மீன் பொட்டலம். கடதாசி ஊறி, ஒரு மூலையால் தண்ணி சொட்டுச் சொட்டாக நிலத்தில் விழுகிறது. அந்தச் சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

உள்ளே நாங்கள் இருபது பேருக்கு மேலே. பெண்கள் நிலத்தில், ஆண்கள் சுவரோடும் படிக்கட்டிலும். சாப்பாட்டு மேசையைத் தூக்கிப் பல்கனியில் வைத்துவிட்டோம். மேசை இருந்த இடத்தில் ஒரு ஸ்டூல். அதில் அவவின் புருஷன் தில்லையம்பலத்தின் படம். படத்துக்குக் கார்னேஷன் பூவில் ஒரு மாலை. முன்னால் விளக்கு.

காலையில் அவ வேலைக்குப் போகும்போது அந்தப் படம் சுவரில் வெறுமனே தொங்கினது. பின்னேரம் வரும்போது மாலையோடு இருக்கிறது. ஒரு பெண்சாதிக்கு அதற்கு மேல் ஆரும் வாயால் என்ன சொல்ல வேணும்?

மஞ்சள் சோறு

போன கிழமை இந்தப் பத்தியில், ஸ்தாசியோனே சென்ட்ராலே என்கிற பெரிய ரயில் ஸ்ரேசனுக்குப் பக்கத்தில் நாங்கள் ரெலிபோன் எடுக்க வரிசையில் நின்ற கதையை எழுதினேன். அந்த வரிசையில் ஒவ்வொரு ஞாயிறும் எனக்கு முன்னால் நிற்கிறவ பரமேஸக்காதான். பலேர்மோ நகரத்தின் சீசாப் பகுதியில் ஒரே கட்டிடம், ஒரே மாடி, எதிரெதிர்க் கதவு. அவவின் வீட்டுக் கதவுத் திறப்பு என்னட்டை, என்ரை திறப்பு அவவிட்டை.

பலேர்மோவில் அந்தக் காலம் எங்கடை பெண்களுக்குத்தான் முதலில் வேலை கிடைத்தது. வயசு போன ஆக்களைப் பார்க்கிறது, வீடு துடைக்கிறது, உடுப்பு அழுத்துகிறது. அதனால் மனுசி முன்னுக்கு வந்து, பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியை எடுத்து, பிள்ளையைக் கூப்பிட்டு, கடைசியாகப் புருஷனைக் கூப்பிடுகிற வீடுகள் கனக்க. “எங்கடை ஊரிலை மாப்பிள்ளை பெண்ணைக் கூட்டிக்கொண்டு போவான், இஞ்சை பெண்தான் மாப்பிள்ளையைப் பார்சலிலை எடுக்கிறா” என்று மன்னார்த் திரேசம்மா சொல்லிச் சிரிப்பா.

பரமேஸக்கா மகள் சுகந்தியைக் கூப்பிட்டுவிட்டா. தில்லையண்ணையின் விசாக் கடதாசிகள் கொழும்பு மட்டும் வந்து நின்றன. ஆள் யாழ்ப்பாணத்தில்.

அப்படி இருக்கேக்கைதான் அந்த ஐப்பசி வந்தது. தொண்ணூற்றைந்தில், ஆமி வருகுது என்று யாழ்ப்பாணமே மழைக்குள் ஊரை விட்டு எழும்பி நடந்த ஐப்பசி. அதற்குப் பிறகு தில்லையண்ணையைப் பற்றி ஒரு உருப்படியான சொல் வரவில்லை. பாலத்தடியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நின்றவர் என்றார் ஒருத்தர். அது வேறை ஆள் என்றார் இன்னொருத்தர். இதை எழுதுகிற இந்தக் கிழமை வரைக்கும் கதை அவ்வளவுதான்.

அந்த மாசத்திலிருந்து அவவின் வீட்டில் வெள்ளை இல்லாமல் போனது.

முதலில் எனக்குப் பிடிபடவில்லை. “லீலா, இந்தத் துவாய் ரண்டையும் நீ வைச்சிரு” என்று நல்ல வெள்ளைத் துவாய்களைக் கொண்டுவந்து தந்தா. யன்னலில் கிடந்த வெள்ளைத் திரையைக் கழற்றிப்போட்டுப் பச்சைக் கட்டில் விரிப்பைத் தொங்கவிட்டா. பல்கனியில் பூத்துக்கொண்டு நின்ற மல்லிகைச் சாடி திரேசம்மா வீட்டுக்குப் போனது. கடைசியில் சோற்றுக்கும் மஞ்சள் போட்டுக் காய்ச்சத் தொடங்கினா.

“பரமேஸ், அப்ப பாலுக்கு என்ன செய்யப் போறாய்?” என்று திரேசம்மா பகிடியாய்க் கேட்டா.

“தேயிலைச் சாயத்தை ஊத்திப்போட்டுக் குடிப்பன்.” அவ பகிடி விடவில்லை.

எங்கடை சைவச் சனத்துக்கு விளங்கும். தாலி கட்டினவன் போனால் உடுக்கிற நிறம் வெள்ளை. அந்த நிறம் தானாகக் கதவைத் தட்டி வந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அவ ஒவ்வொரு ஓட்டையாக அடைத்துக்கொண்டு இருந்தா. பொட்டும் முந்தியதைவிடப் பெரிசானது. அவ பார்க்கிற கிழவருக்கு மறதி வருத்தம். “சிஞோரா, நெற்றியிலே என்ன காயம்?” என்று ஒவ்வொரு காலையும் கேட்பாராம். “காயமில்லை, எனக்குக் கலியாணம் முடிஞ்சது” என்று ஒவ்வொரு காலையும் இவ சொல்லுவாவாம்.

ஆறு நாளுக்கு ஆறு வேஷம்

இனிப் பள்ளிக்கூடக் கதைக்கு வாறன்.

சுகந்திக்கு அப்ப பதினைந்து, பதினாறு வயசிருக்கும். உயர்தரப் பள்ளிக்கூடத்தில் ரண்டாம் வருஷம். அங்கே இங்கிலிஷ் படிப்பிக்கிற ரீச்சர் ஒருத்தி கொஞ்சக் காலம் அமெரிக்காவில் இருந்துவிட்டு வந்தவ. அங்கத்தைப் பள்ளிக்கூடங்களில் வருஷத்துக்கொரு கிழமை பிள்ளைகள் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வேஷத்தில் வருவார்களாம், பழைய மாணவர்களும் திரும்பி வருவார்களாம், ஊர்வலமும் பந்து விளையாட்டும் நடக்குமாம். எங்கடை பள்ளிக்கூடத்துக்கு என்ன குறை என்று அவவுக்கு ஒரு ஆசை. கார்னெவாலே வருகிற மாசி மாசம் எப்படியும் பலேர்மோவில் பிள்ளைகள் வேஷம் போடுகிற காலம்தானே. இரண்டையும் ஒன்றாக முடிந்துவிட்டா.

திங்கட்கிழமை, படுக்கிற உடுப்போடு வர வேணும்.

“படுக்கிற உடுப்போடையோ? பாயையும் சுருட்டிக்கொண்டு போவன்!” என்று பரமேஸக்கா சத்தம் போட்டது என் வீடு வரைக்கும் கேட்டது. ஆனாலும் உள்ளதில் நல்லதாக ஒரு இரவுச் சட்டையை அழுத்திக் கொடுத்து, அதற்கு மேலே மழைக்கோட்டை மாட்டிவிட்டுத்தான் அனுப்பினா.

செவ்வாய், இரட்டைப் பிள்ளைகள். இரண்டு பேர் ஒரே மாதிரி உடுத்து வர வேணும். சுகந்தியோடு சோடி சேர்ந்தவள் ரொசாலியா என்கிற கபோச் சந்தையடிப் பிள்ளை. காலையில் வந்து நின்றாள். பரமேஸக்கா இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி இரட்டைப் பின்னல் பின்னி, ஒரே மாதிரிப் பொட்டும் வைத்துவிட்டா. ரொசாலியா கண்ணாடியில் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள்.

அன்றைக்குப் பரமேஸக்கா கதவில் சாய்ந்து நின்று அவர்கள் இறங்கிப் போகிறதைப் பார்த்த பார்வை எனக்குத் தெரியும். போன வருஷம் முழுக்க அந்த வகுப்பில் சுகந்திக்குப் பெயர் “துர்க்கா.” துருக்கிக்காரி என்று அர்த்தம். கறுப்பாக ஆர் வந்தாலும் அந்தப் பெடியளுக்குத் துருக்கிதான். ஒருத்தரும் பக்கத்தில் இருக்கமாட்டார்கள். இந்த வருஷம்தான் ஒருத்தி சோடி சேர்ந்தாள்.

புதன், தொப்பி. அதை விடுவோம்.

வியாழன், வகுப்புக்கொரு நிறம். சீட்டுக் குலுக்கி எடுத்தது. சிவப்பு ஒரு வகுப்புக்கு, நீலம் ஒரு வகுப்புக்கு. சுகந்தியின் வகுப்புக்கு விழுந்தது வெள்ளை.

அதுவும் சும்மா வெள்ளையில்லை. தலை முதல் கால் வரைக்கும் வெள்ளை. வேறு நிறம் ஒரு பொட்டளவு தெரிந்தாலும் அந்த வகுப்புக்குப் புள்ளி குறையும். ஒரு ஆள் நிறம் மாறி வந்தால் முழு வகுப்பும் தோற்றுப் போகும்.

“நாளைக்கு என்ன நிறமடி?” என்று தாய் கேட்டா.

“நீலம்” என்றாள் சுகந்தி.

நீலச் சட்டையோடுதான் வியாழன் காலை வீட்டை விட்டு இறங்கினாள். நேரே ரொசாலியா வீட்டுக்குப் போய், அவர்களின் கட்டில் விரிப்பொன்றை வாங்கி, சீலை மாதிரி உடுத்தினாள். பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகளுக்கு விரிப்பு தோளில் நிற்கவில்லை. இவளுக்குத்தான் கொசுவம் வைக்கத் தெரியும். முழு வகுப்புக்கும் இவள்தான் உடுத்திவிட்டாளாம். பின்னலுக்குக் கட்டிய சிவப்பு நாடாவை அவிழ்த்து மயிரை விரித்துவிட்டாள். பொட்டை அழித்தாள். முகத்திலும் நெற்றியிலும் கோதுமை மாவைப் பூசிக்கொண்டாள்.

அன்றைக்கு வெள்ளை வகுப்பு வென்றது. பிறகு ரொசாலியா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

சின்னத்துரை அண்ணை கண்டது

பள்ளிக்கூடம் முடிந்து, உடுப்பு மாற்றுவதற்காகச் சுகந்தி கபோச் சந்தைக்குள்ளால் ரொசாலியா வீட்டுக்கு ஓடினாள். மழை தூறல். சந்தைத் தகரக் கூரைகளின் கீழே தோடம்பழக் குவியலும் மீன் பலகைகளும். அங்கே ஒரு மீன் கடையில் ஐஸ் உடைத்து, பெட்டி இறக்கி, பலகை கழுவுகிறவர் எங்கடை சின்னத்துரை அண்ணை. தில்லையண்ணையின் ஊர். ஒன்றாய்ப் பள்ளிக்கூடம் போனவர்கள்.

அவர் கண்ணால் பாருங்கோ. சிநேகிதன்ரை மகள் வெள்ளைச் சீலையோடு வருகிறாள். நனைந்த தலைமயிர் விரிந்து கிடக்கிறது. பொட்டில்லை. நெற்றியில் திருநீறு மாதிரி வெள்ளையாய்க் கரைந்து வழிகிறது. தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளையின் கோலம். ஒரு இத்தாலியப் பிள்ளை தோளில் கை போட்டு இழுத்துக்கொண்டு வருகிறாள்.

“பிள்ளை! என்னடி மோனை இது?”

அவரைக் கண்டதும் சுகந்தி அப்படியே நின்றுவிட்டாள். எங்கடை சனம் ஒன்றின் கண்ணில் பட்டுவிட்டோமே என்ற பயத்தில் அழத் தொடங்கினாள். “மாமா, அம்மாட்டைச் சொல்லிப்போடாதேங்கோ” என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

சின்னத்துரை அண்ணை கையில் இருந்த ஐஸ் சம்மட்டியைக் கீழே வைத்தார். அங்கேயே பெட்டியில் குந்தி அழுதார். முதலாளி ஓடிவந்து என்ன என்று கேட்க, சிநேகிதன் செத்துப் போனான், அவன்ரை மனுசி இஞ்சைதான் மீன் வாங்க வாறவ, அவவுக்கு இன்னும் தெரியாது என்று சொல்லியிருக்கிறார். முதலாளி வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்.

அவர் வீட்டுக்குப் போகவில்லை. ஸ்ரேசனடி ரெலிபோன் கடைக்குப் போனார்.

சனம் கூடினது

எனக்குச் சொன்னது திரேசம்மா. அவவுக்குச் சொன்னது ஆரோ. என் கதவைத் தட்டி, “லீலா, தில்லை செத்துப்போட்டாராம்” என்று சொல்லிவிட்டு என் தோளில் விழுந்தா. நான் திறப்பை எடுத்துக்கொண்டு எதிர்க் கதவைத் திறந்தேன். அதற்குப் பிறகு படியில் கால் ஓசை நிற்கவில்லை.

எங்கடை சனத்தில் ஒரு குணம். செத்தவீடு என்றால் கேள்வி கேட்கமாட்டோம். முதலில் போய் இருப்போம், பிறகு விசாரிப்போம். ஒருத்தர் பாண் கொண்டுவந்தார். இன்னொருத்தி பிளாஸ்கில் தேத்தண்ணி. செத்தவீட்டில் அடுப்பு மூட்டுகிறதில்லை, மீன் தொடுகிறதில்லை, சாப்பாடு அக்கம்பக்கம்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேணும். ஆரோ பூ வாங்கிவந்து, ஆரோ கோத்து, ஆரோ படத்தைச் சுவரிலிருந்து இறக்கினார்கள். திரேசம்மா ஒரு மூலையில் முழங்காலில் நின்று செபமாலை சொல்லத் தொடங்கினா. சைவச் சனத்துக்குச் செபமாலை, படத்துக்கு முன்னால் குத்துவிளக்கு. அந்த நேரம் ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை.

“தாய்க்குத் தெரியாமல் பிள்ளைக்கு எப்பிடித் தெரிஞ்சது?” என்று ஒருத்தர் படியில் நின்று கேட்டார்.

“லண்டனிலை சித்தப்பன் இருக்கிறானெல்லே? பள்ளிக்கூடத்துக்கு ரெலிபோன் அடிச்சுச் சொல்லியிருப்பான்.”

“அவனுக்கு இத்தாலியன் தெரியாதே.”

“சாவு சொல்ல என்ன பாஷை வேணும்?”

அதோடு விசாரணை முடிந்தது.

பரமேஸக்காவுக்கு வேலை இடத்தில் போய்ச் சொல்லக் கூடாது, வழியில் விழுந்துபோவா, வீட்டுக்கு வரட்டும் என்று முடிவானது. ஆர் சொல்லுகிறது என்பது மட்டும் முடிவாகவில்லை. எல்லாரும் சின்னத்துரை அண்ணையைப் பார்த்தோம். அவர் நிலத்தைப் பார்த்தார்.

அந்த நேரம் பரமேஸக்கா கபோவில், அதே மீன் கடைக்கு முன்னால் நிற்கிறா. எங்கடை சூடை மாதிரிச் சின்ன மீன், சார்தே என்பார்கள், பின்னேரத்தில் மலிவாய் விழும். வழக்கமாக அந்த முதலாளி தராசுத் தட்டில் விரலை வைக்கிற ஆள் என்று அவவே பேசுவா. அன்றைக்கு அவர் நிறுக்கவேயில்லை. இரண்டு கையாலும் அள்ளிக் கட்டிக் கொடுத்தார். காசு நீட்டினதுக்கு வாங்கவில்லை. தொப்பியைக் கழற்றி, மீன் செதிள் ஒட்டின கையால் அவவின் கையைப் பிடித்து, “கொராஜ்ஜோ, சிஞோரா” என்றார். மனசைத் தைரியமாய் வைத்திருங்கோ என்று அர்த்தம்.

“ஏன் அப்பிடிச் சொன்னவன் எண்டு யோசிச்சுக்கொண்டுதான் பஸ்ஸிலை இருந்தனான், லீலா” என்று பின்னொரு நாள் எனக்குச் சொன்னா. “பஸ்ஸாலை இறங்கினாப் பிறகு யோசிக்கேல்லை. யோசிச்சா நடக்கேலாது.”

கட்டிடத்துப் படியில் ஆண்கள் வழிவிட்டார்கள். ஒருத்தரும் முகம் பார்க்கவில்லை. வாசலில் செருப்புக் குவியல்.

வாசல்

“ஆர் சொன்னது?”

திரேசம்மாவின் கையில் செபமாலை நின்றது. அழ வேண்டியவ அழாமல் கேள்வி கேட்டால் அழ வந்த நாங்கள் என்ன செய்கிறது?

“நான்தான் பரமேஸ்…” சின்னத்துரை அண்ணையின் குரல் எங்கோ கிணற்றுக்குள் இருந்து வருகிற மாதிரி. “பிள்ளையைச் சந்தைக்குள்ளை கண்டனான். வெள்ளை உடுத்து… தலையை விரிச்சு… பொட்டில்லாமல்…”

“எந்தப் பிள்ளை?”

“உன்ரை பிள்ளை.”

பரமேஸக்கா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டா. பொட்டலம் மட்டும் கையை விட்டு விழவில்லை. பெண்கள் சிலர் அவவைப் பிடிக்க எழும்பினார்கள். எல்லாற்றை கண்ணும் அவவின் நெற்றிப் பொட்டுக்குத்தான் போனது. என் கண்ணும்தான்.

அப்போது கீழேயிருந்து இரண்டு பெட்டையள் சிரித்துக்கொண்டு படியேறி வருகிற சத்தம்.

சுகந்தியும் ரொசாலியாவும், இவ்வளவு நேரமும் ரொசாலியா வீட்டில் இருந்துவிட்டு. சுகந்தி நீலச் சட்டையில் இருந்தாள். காதோரம் மட்டும் மாவு கழுவுப்படாமல் இருந்தது. படியில் நின்ற ஆண்களைக் கண்டதும் சிரிப்பு நின்றது. தாயைத் தள்ளிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். படத்தைக் கண்டாள். மாலையைக் கண்டாள்.

“அப்பா!”

அப்படியொரு குரலை நான் அதற்கு முதலும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. நிலத்தில் விழுந்து தலையை அடித்தாள். “எப்ப அம்மா? எப்ப? எனக்கு ஏன் சொல்லேல்லை?”

அவளைப் பரமேஸக்கா குனிந்து பார்த்தா. பிறகு நிமிர்ந்து எங்களைப் பார்த்தா. ஒவ்வொரு முகமாக. அந்தப் பார்வை என்னில் வந்து நின்றபோதுதான் எனக்கும் விளங்கியது. பிள்ளைக்கும் தெரியாது. அப்படியென்றால் ஒருத்தருக்கும் தெரியாது.

“நீ ஏன்டி வெள்ளை உடுத்தனி?”

அதையே இத்தாலியனிலும் கேட்டா. ரொசாலியாதான் அழுதழுது இத்தாலியனில் சொன்னாள், ஊர்வலம், சீட்டு, நிறம் என்று. பிறகு சுகந்தி தேம்பித் தேம்பி, “ஸ்குவோலாவிலை அம்மா… எங்கடை கிளாஸ்ஸேக்கு பியாங்கோ, வெள்ளைதான் விழுந்தது… நான் ஒராள் உடுக்காட்டி எல்லாரும் தோத்துப்போவினம் அம்மா…”

அறைக்குள் ஒரு காற்று வந்து போன மாதிரி இருந்தது. ஆரோ படியில் களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்தினார்கள். “இப்பிடிப் பொய்யாய்ச் செத்தவீடு கூடினா ஆளுக்கு ஆயுசு கெட்டி” என்று இன்னொரு குரல். சின்னத்துரை அண்ணை, “என்ரை கண்ணைப் பிடுங்கி எறிய வேணும்” என்று தலையில் அடித்தார். திரேசம்மா சிலுவை போட்டு, செபமாலையைச் சட்டைக்குள் ஒளித்தா.

பரமேஸக்கா சிரிக்கவில்லை. மகளை அடிக்கவுமில்லை. செருப்போடேயே உள்ளே வந்து, படத்தில் இருந்த மாலையைப் பிய்த்து எடுத்து, பல்கனிக் கதவைத் திறந்து வெளியில் எறிந்தா. விளக்கை அணைக்காமல் தூக்கிக்கொண்டுபோய்ச் சாமித் தட்டில் வைத்தா. படத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துச் சுவரில் மாட்டினா. ஒரு பக்கம் சரிந்திருந்தது, நிமிர்த்தினா.

நாங்கள் எழும்பத் தொடங்கினோம். வேறென்ன செய்கிறது? பிளாஸ்கை எடுத்தோம், பாணை எடுத்தோம், செருப்பைத் தேடினோம். ஒருத்தர் பின்னால் ஒருத்தராய்ப் பேசாமல் வாசலுக்கு நகர்ந்தோம்.

“ஏன் சொல்லாமல் போறியள்?”

செத்தவீட்டில்தான் எங்கடை ஆக்கள் போட்டு வாறம் என்று சொல்லாமல் எழும்பிப் போகிறது. மற்ற வீடுகளில் சொல்லாமல் போகமாட்டோம். பழக்கத்தில் எங்கள் கால்கள் செத்தவீட்டுக்குப் போன மாதிரியே திரும்பிக்கொண்டு இருந்தன.

“சரி பரமேஸ், அப்ப போட்டு வாறம்” என்றார் சின்னத்துரை அண்ணை, அவசரமாய்.

“இல்லை. இருங்கோ. ஒருத்தரும் போகக் கூடாது.”

எல்லாரையும் தாண்டிப் போய் வாசல் கதவைச் சாத்தினா. திரும்பிக் குசினிக்குள் போனா. நனைந்த கடதாசியைப் பிரித்து, மீனைக் கழுவி, உப்பும் தூளும் பிரட்டி, அடுப்பைப் பற்றவைத்தா. எண்ணெய் பொரியும் சத்தம் வந்தது. மீன் வாசம் அறை முழுக்கப் பரவிற்று. துக்கத்துக்கு என்று வந்து குந்தின வீட்டில், துக்கத்துக்கு வந்த அத்தனை பேரின் மூக்கிலும் பொரித்த மீன்.

முதல் மீனை எடுத்து, சூடாற முன்னமே சின்னத்துரை அண்ணையின் உள்ளங்கையில் வைத்தா.

“கடியுங்கோ.”

அவருக்குக் கண்ணால் தண்ணி ஓடியது. “பரமேஸ், நான்…”

“கடியுங்கோ அண்ணை.”

அவர் கடிக்கும்வரைக்கும் முன்னால் நின்றா. பிறகு தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த ஆளிடம் போனா.